பொங்காலைத் தெருவில் கோழிக்குஞ்சு வண்டி

வன்னியராஜிடம் நல்ல குணங்களுக்குப் பஞ்சமில்லை. குடிக்க மாட்டான். ஓட்டும்போது போனை எடுக்க மாட்டான். ஏற்றிய சரக்கைத் தன் வீட்டுச் சாமான் போலப் பார்த்துக்கொள்வான். இருந்த ஒரே கோளாறு, உயிரே போனாலும் யாரிடமும் வழி கேட்க மாட்டான். ஆலங்குளத்தில் மீசை முளைத்த நாளிலிருந்து ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு இன்னொருத்தன் வழி சொல்வதா என்று ஒரு வீம்பு. அந்த வீம்புதான் அவனைக் கொண்டுபோய், ஊரே அடுப்பு போட்டு உட்கார்ந்திருந்த தெருவில், அத்தனை பெண்களுக்கு நடுவே ஒற்றை ஆம்பிளையாக நிறுத்தியது.

திருவனந்தபுரம் தனக்குத் தலைகீழ்ப் பாடம் என்று அவன் சொல்லிக்கொள்வான். உண்மையில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் களியக்காவிளையிலிருந்து சாலைக் கம்போளம் என்ற பெரிய சந்தைக்கு வரும் ஒரே ரோடும், அங்கே சரக்கு இறக்கும் சந்துகளும், ஒரு புட்டுக் கடையும்தான். வருஷக்கணக்காகத் திருநெல்வேலியிலிருந்து சாலைக்குக் காய்கறியும் அரிசியும் ஏற்றி வந்தவன். போன வருஷம்தான் பல்லடம் பக்கத்துப் பொரிப்பகம் ஒன்றில் சேர்ந்து கோழிக்குஞ்சு வண்டி ஓட்ட ஆரம்பித்தான்.

காய்கறி வண்டி வேறு, குஞ்சு வண்டி வேறு. தக்காளி லோடோடு டீக்கடையில் நின்று அரசியல் பேசலாம். குஞ்சு லோடோடு அது முடியாது. முட்டையை விட்டு அன்றுதான் வெளியே வந்த குஞ்சுக்கு இரண்டு நாளைக்குத் தீனியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். வயிற்றிலேயே கட்டுச்சோறு கொண்டு வந்திருக்கும். அதற்கு வேண்டியது காற்று ஒன்றுதான். கம்பியடித்த மினி லாரியில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் குஞ்சுகளுக்கு வண்டி ஓடினால்தான் காற்று. வண்டி நின்றால் ஒன்றின் சூடு இன்னொன்றைத் தாக்கி, நடு அடுக்கில் இருப்பவை முதலில் கழுத்தைத் தொங்கப்போடும். அதனால் எங்கே நின்றாலும் டீயை ஊதி ஆற்றக்கூட நேரமில்லாமல் வாயைச் சுட்டுக்கொண்டு கிளம்பிவிடுவது குஞ்சு வண்டி டிரைவர்களின் வழக்கம்.

அன்றைக்கு விடியும்போது பாறசாலையில் பாதி லோடை இறக்கியாகிவிட்டது. மீதி வித்துராவுக்கு. அங்கே மாடம்மாள் என்று ஒருத்தி காத்திருந்தாள். போனக்காடு தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளி, இப்போது மலையிறங்கி வித்துராவில் குடியிருப்பவள். தன்னைப் போன்ற நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி ஷெட் போட்டிருந்தாள். முதல் தடவையாகக் குஞ்சு இறக்கப் போகிறார்கள். பாறசாலையில் வண்டி நின்ற நேரம் பார்த்து அவள் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஆரியநாடு வழியாத்தான வாரீங்க?"

ஆரியநாடு என்ற பேரையே வன்னியராஜ் அன்றைக்குத்தான் கேட்கிறான். "பின்ன? அந்த வழிதான் வருதேன்" என்று கூசாமல் சொன்னான். போனை வைத்தான், நேராகச் சாலைக்குப் போகும் ரோட்டைப் பிடித்தான். சாலைக்குப் போய்விட்டால் அங்கிருந்து நெடுமங்காடு, நெடுமங்காட்டிலிருந்து வித்துரா. போர்டு இருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

நேமத்தில் போலீஸ் தடுப்பு போட்டு லாரிகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தது. ஹர்த்தால் என்று முடிவு கட்டினான். ஹர்த்தாலில் தமிழ்நாட்டு வண்டி மாட்டினால் என்ன ஆகும் என்று அவனுக்குப் பழைய அனுபவம் உண்டு. கீழே இறங்கி என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். கேட்டால் அவன் வன்னியராஜ் இல்லையே! அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணீர் லாரி வந்தது. போலீஸ்காரர் தடுப்பை விலக்கினார். நம்மாளும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு பின்னாலேயே நுழைந்துவிட்டான். இதுவும் தண்ணீர் கோஷ்டிதான் போல என்று போலீஸ்காரர் கையை வேறு ஆட்டி அனுப்பினார்.

கரமனைப் பாலம் தாண்டியதும்தான் அவனுக்கு விஷயம் புரிந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் மும்மூன்று செங்கல், செங்கல் மேல் மண்கலம், பக்கத்தில் கோடிச் சேலை உடுத்திய பெண்கள். கண் போகிற தூரம் வரை அதே. ஆற்றுக்கால் பொங்காலை! ஆற்றுக்கால் பகவதிக்குப் பெண்கள் மட்டும் தெருவெல்லாம் அடுப்பு கூட்டிப் பொங்கலிடும் நாள். வருஷம் வருஷம் அந்த நாளில் சாலைக்கு லோடே வராது, முதலாளியே வேண்டாம் என்று விடுவார். அதனால் பொங்காலையை அவன் கேள்விப்பட்டிருக்கிறானே தவிரக் கண்ணால் கண்டதில்லை.

தண்ணீர் லாரி ஒரு மூலையில் நின்று தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தது. திரும்பிப் போக இடமில்லை. சாலைக்கு உள்வழியாக நுழையும் சந்து ஒன்று லாரிக்காரர்களுக்குத் தெரியும். அதில் நடுவே ஒரு வண்டி போகும் அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். வண்டியை அதற்குள் ஒடித்தான். பாதிச் சந்து போனதும் அந்த வழியும் முடிந்து, முன்னால் குறுக்கும் நெடுக்குமாக அடுப்புகள். பின்னால் எடுக்கலாம் என்று கண்ணாடியைப் பார்த்தால், ஒரு பஸ் நிறைய வந்திறங்கிய பெண்கள் வண்டிக்குப் பின்னாலேயே செங்கல் வைத்துக் கலத்தையும் வைத்துவிட்டார்கள்.

"ஏன் மக்களே, ஒனக்கு கண்ணு அவிஞ்சு போச்சா? எனக்க அடுப்புக்க மேல ஏத்திருவியே!"

பம்பருக்கு ஒரு முழம் முன்னால் உட்கார்ந்திருந்த பெரிய உருவம்தான் இப்படிக் கேட்டது. பெயர் சுசீலாபாய், குழித்துறைக்காரி; எதிரில் நிற்பது ஒரே ஆளானாலும் அவளுக்கு 'மக்களே'தான். ஒரு பழைய மதிலின் நிழல் விழும் இடமாகப் பார்த்து முந்தின நாளே வந்து பிடித்து, செங்கல்லில் சாக்பீஸால் பெயர் எழுதி வைத்திருந்தாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அவளுக்கு அதே இடம்தான்.

"தெரியாம வந்துட்டேன் அம்மா. உள்ள குஞ்சு இருக்கு. கொஞ்சம் ஒதுங்கினீங்கன்னா…"

"ஒதுங்கவா? ஒரு ஆளு ஒதுங்குனா போருமா? முன்னால நோக்கு!"

நோக்கினான். சந்து முடியும் வரை அடுப்பு. அதற்குள் வண்டி நின்ற விஷயம் குஞ்சுகளுக்குத் தெரிந்துவிட்டது. ஓடும்போது கீச்சென்றிருந்த சத்தம் மெல்ல வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. வன்னியராஜுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஓடிப்போய்ப் பக்கவாட்டுத் தார்ப்பாயை உருவினான். தட்டுகளை இழுத்து இழுத்து இடைவெளி விட்டான். ஒரு பெண் பாவப்பட்டு வாளித் தண்ணீரோடு வந்தாள்.

"தண்ணி ஊத்தாதீங்கம்மா! நனைஞ்சா செத்துரும்!" என்று கத்தினான்.

கோழிக்குஞ்சு என்று தெரிந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். "விரதம் இருந்து அம்மைக்குப் பொங்காலை இடுத இடத்துல கோழி நாற்றமா?" என்று மூக்கைப் பொத்தினாள் ஒருத்தி. "வளர்த்துக் கழுத்தறுக்கத்தானே கொண்டு போறான்" என்றாள் இன்னொருத்தி. வன்னியராஜ் தட்டுகளை இழுப்பதிலேயே இருந்தான். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

சத்தம் கேட்டு ஒரு பெண் போலீஸ் அடுப்புகளைத் தாண்டித் தாண்டி வந்தாள். சட்டையில் ஸ்வப்னா என்று பெயர்.

"ஈ வண்டி எங்ஙனெயா அகத்து வந்நது?"

"தண்ணி வண்டிக்குப் பின்னால வந்தேன் மேடம். தப்புதான்."

"இனி ஒண்ணும் செய்யான் பற்றில்ல சேட்டா. பொங்காலை கழிஞ்ஞு, வைகுன்னேரம் போகாம்."

சாயங்காலம்! அதற்குள் ஒரு குஞ்சு மிஞ்சாது. சாயங்காலம் வரைகூடப் போக வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் கோயிலில் முதல் அடுப்பான பண்டார அடுப்பில் தீ மூட்டுவார்கள், அந்தத் தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி இந்தச் சந்துக்கும் வரும். சுற்றிலும் அடுப்பு எரிந்து, புகை சூழ்ந்தால், வண்டிக்குள் இருப்பதெல்லாம் வெந்துபோகும். மூட்டிய அடுப்பை அப்புறம் யாரும் அசைக்கவும் மாட்டார்கள். ஸ்வப்னாவுக்கும் அது புரிந்தது. ஆனாலும், நேற்றே பிடித்த இடத்தை யார் விடுவார்கள் என்று கையை விரித்தாள்.

"அடுப்பு மாற்றான் பறஞ்ஞால் இவரெல்லாம் கூடி என்னெ கொல்லும். இந்நலே முதல் பிடிச்ச ஸ்தலமாணு."

அப்போது போன் அடித்தது. வன்னியராஜின் இரண்டு கையிலும் தட்டு. முழங்கையால் தேய்த்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணாச்சி, எங்க எத்தினீங்க? ஷெட்ல பல்பெல்லாம் போட்டு நல்லா சூடாக்கி வெச்சாச்சு. எல்லாரும் வாசல்லயே நிக்கிறோம்."

பொய் சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. "மாடம்மா, நான் ஆரியநாடு வழியா வரல. எனக்கு அந்த வழி தெரியாது. தெரியும்னு சும்மா சொல்லிட்டேன். ஆத்துக்கால் பக்கத்துல அடுப்புக்கு நடுவுல நிக்கேன். முன்னாலயும் போவ முடியல, பின்னாலயும் போவ முடியல."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

"அய்யோ… இன்னைக்கு அங்கயா?" என்றாள் மாடம்மாள். "நானே இன்னைக்கு அங்கதான் இருந்திருக்கணும் அண்ணாச்சி. ஓர்ம வெச்ச நாள்லருந்து ஒரு வருசம் மொடக்கினதில்ல. போனக்காட்டுலருந்து எங்கம்மா என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு வரும். இந்த வருசம் குஞ்சு எறங்குதேன்னு, அம்மைகிட்ட மாப்பு சொல்லிட்டு நின்னுட்டேன். என்னை நம்பி நாலு பேரு எறங்கியிருக்காங்க. மொதல்லயே இப்படி ஆச்சுன்னா நான் அவங்க மொகத்துல எப்படி முழிப்பேன்?"

அழுகிறாள் என்பது சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்டது. மூக்கைப் பொத்தியவள் கையை எடுத்துவிட்டாள்.

சுசீலாபாய் எழுந்தாள். முட்டியில் கையை ஊன்றி, ஒரு முனகலோடுதான் எழ முடிந்தது. எரிக்க அடுக்கி வைத்திருந்த தென்னங்கொதும்பை ஒரு ஓரமாகத் தள்ளினாள். கலத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிறகு குனிந்து, தன் பெயர் எழுதிய செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு சாக்கில் போட்டாள்.

"சேச்சி, ஸ்தலம் போகும் கேட்டோ" என்றாள் ஸ்வப்னா பதறி.

"போனா போட்டு பிள்ளே. அவ அங்க கெடந்து அழுது கரையுதா. நான் இங்க இருந்து சக்கரைய போட்டுக் கிண்டுனா அது எனக்க தொண்டைல எறங்குமா?" சுசீலாபாய் அடுத்த அடுப்புக்காரியிடம் போனாள். "மக்களே, ஒரு நிமிசம் தூக்கு. வண்டி கடந்த ஒடனே அதே இடத்துல வச்சுக்கிடலாம்."

அடுத்தவள் யோசித்தாள். அவள் மலையாளத்துக்காரி, கொல்லத்திலிருந்து வந்தவள். தமிழ் பாதி புரிந்ததோ என்னவோ, போனில் கேட்ட அழுகை முழுசாகப் புரிந்திருந்தது. கலத்தைத் தூக்கினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். கோழிக் கழுத்தறுப்பைப் பற்றிப் பேசிய அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே தன்னுடையதையும் தூக்கிவிட்டு, பக்கத்தில் இருந்த கிழவியின் செங்கலையும் சேர்த்துத் தூக்கினாள்.

"சேட்டா, வண்டி எடுக்கு! பதுக்கே, பதுக்கே!" என்று மெதுவாக எடுக்கச் சொல்லிக் கத்தினாள் ஸ்வப்னா. இந்தக் காட்சியை நம்ப முடியாமல் அவள் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

வன்னியராஜ் வாழ்க்கையில் எத்தனையோ ரோட்டில் ஓட்டியிருக்கிறான். குற்றாலத்து மழையில் ஓட்டியிருக்கிறான், ஆரியங்காவு வளைவுகளில் பிரேக் பிடிக்காத வண்டியைக் கொண்டு வந்திருக்கிறான். ஆனால் அன்றைக்குப் போல, கிளட்சைப் பாதியில் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்தியது இல்லை. முன்னால் சுசீலாபாய் இடுப்பில் கலத்தோடு நடக்கிறாள், சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருத்தியிடமும் நின்று நின்று சொல்கிறாள். சொல்லச் சொல்ல அடுப்புகள் எழும்புகின்றன. வண்டி ஊர்கிறது. கடந்ததும் பின்னால் அடுப்புகள் திரும்ப உட்காருகின்றன. இரண்டு பக்கமும் பெண்கள் அடுப்பு ஊத வைத்திருந்த விசிறிகளை எடுத்துக் கம்பிக்குள் விசிறுகிறார்கள். சின்னப் பெண்கள் வண்டியோடு கூடவே நடந்து விசிறினார்கள். யாருக்கும் அவன் பெயர் தெரியாது, அவனுக்கும் யார் பெயரும் தெரியாது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு ரோடு மங்கலாகத் தெரிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் ஸ்டியரிங் அசைந்துவிடுமே என்று துடைக்காமலே ஓட்டினான்.

சந்து முடிந்து பெரிய ரோடு வந்தது. அங்கே ஆம்புலன்ஸ் போக ஒரு வழியைக் காலியாக விட்டிருந்தார்கள். ஸ்வப்னா வயர்லெஸில் பேசி ஒரு ஜீப்பை வரவழைத்தாள். நெடுமங்காடு ரோடு வரை அது முன்னால் போகும். வன்னியராஜ் எஞ்சினை அணைக்காமலே குதித்து இறங்கி, சுசீலாபாயிடம் ஓடினான்.

"அம்மா, நீங்க ஒங்க எடத்துக்குப் போங்க."

சுசீலாபாய் திரும்பிப் பார்த்தாள். அவனும் பார்த்தான். தூக்கிய அடுப்புகளைத் திரும்ப வைத்தபோது எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து, சந்து முழுவதும் நெருக்கி அடைத்துவிட்டது. மதில் நிழலில் இப்போது வேறு இரண்டு கலங்கள். அங்கே போக ஒரு ஆள் நுழையக்கூட இடமில்லை.

"இனி எங்க போவ?" சுசீலாபாய் சாக்கைக் கீழே போட்டாள். சந்து வாயில், ஓடையை ஒட்டி, ஒரு பொட்டு நிழலில்லாத வெயிலில் மூன்று செங்கலையும் வைத்தாள். கலத்தை மேலே வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தாள். "இது போரும்."

"என்னாலதான அம்மா…" என்றான் வன்னியராஜ். நன்றி என்று சொல்ல வாயெடுத்தான், அந்தச் சொல் ரொம்பச் சின்னதாகத் தோன்றியது. கையெடுத்துக் கும்பிட்டான்.

"எனக்க முன்னால எதுக்கு கும்பிடுத? அங்க நோக்கிக் கும்பிடு." அவள் கோயில் பக்கம் கையைக் காட்டினாள். பிறகு அரிசி வைத்திருந்த துணிமுடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். "போன்ல கரஞ்ச பிள்ளைக்க பேரு என்ன?"

"மாடம்மாள்."

"நாளு?"

பிறந்த நட்சத்திரத்துக்கு அவன் எங்கே போவான்!

"போட்டு, பேரு போரும்." துணியில் இருந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனியாக அள்ளினாள். கண்ணை மூடி, மாடம்மாள் என்று வாய்க்குள் சொல்லி, கலத்துக்குள் கழுவி வைத்திருந்த தன் அரிசியோடு சேர்த்துக் கலந்தாள். "எனக்க கலத்துல அவளுக்கும் பொங்கும் எண்ணு போய்ச் சொல்லு. இனி நிக்காத மக்களே, போ. குஞ்சு சாவும்."

அவன் வண்டியில் ஏறிய நேரம் ஒலிபெருக்கியில் பாட்டு நின்று செண்டை முழங்கியது. ஊரே குரவையிட்டது. கண்ணாடியில் பார்த்தான். சந்துக்குள் ஒவ்வொரு அடுப்பாகத் தீ பிடித்துக்கொண்டு வந்தது. கடைசியில் ஓடை ஓரத்து அடுப்பிலும் புகை எழுந்தது.

வித்துராவில் ஷெட் வாசலில் வண்டி நின்றபோது பெண்கள் ஓடிவந்து தட்டுகளை இறக்கினார்கள். நடு அடுக்கில் சில குஞ்சுகள் போயிருந்தன. அவ்வளவுதான். மற்றதெல்லாம் பல்பு வெளிச்சத்தில் மஞ்சளாகக் கொட்டி, கீச்சுக்கீச்சென்று ஷெட்டைத் தூக்கிவிடும் போலச் சத்தம் போட்டன. மாடம்மாள் கருப்பட்டித் தண்ணீர் வைத்திருந்தாள். வந்திறங்கிய குஞ்சுக்கு முதல் நீர் அதுதான். ஒல்லியான, கறுத்த உடம்புக்காரி. குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அலகைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். வன்னியராஜும் பக்கத்தில் உட்கார்ந்து குஞ்சு எடுத்துக் கொடுத்தான்.

"என்னை நல்லா ஏசு மாடம்மா. ஏசினாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"ஏசுறதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி? உசுரோட கொண்டாந்துட்டீங்களே. எப்படித்தான் அங்கருந்து வெளிய வந்தீங்க?"

அவன் சொன்னான். அடுப்பு தூக்கியதைச் சொன்னான், விசிறியதைச் சொன்னான், நிழலை விட்டுவிட்டு ஓடை ஓரத்தில் செங்கல் வைத்த சுசீலாபாயைச் சொன்னான். மாடம்மாள் கையில் ஒரு குஞ்சை வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் ஒன்னு சொல்லச் சொன்னாவ" என்றான். "ஒன் பேரு கேட்டாவ. ஒன் பேரச் சொல்லி ஒரு பிடி அரிசி எடுத்து அவுக அரிசியோட சேத்தாவ. அவுக கலத்துல ஒனக்கும் பொங்கும்னு சொல்லச் சொன்னாவ."

மாடம்மாளின் கை அப்படியே நின்றது. வெளியே சூரியன் உச்சி சாய்ந்துவிட்டது. எத்தனை வருஷமாகப் போய் வந்தவள், அந்த நேரத்தில் அங்கே என்ன நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பூசாரிமார் ஒவ்வொரு கலமாகத் தீர்த்தம் தெளித்து, பொங்கலை அம்மைக்குப் படைத்துக்கொண்டு வரும் நேரம். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். குஞ்சு இருந்த கையைக் கீழே இறக்காமலே இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் கண்ணை மூடினாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அப்ப நானும் அங்கதான் அண்ணாச்சி இருக்கேன்" என்றாள்.